பாப்பா பார்க்கச் சாப்பிடக் கூடாது

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர் அது. அந்தக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், ஆபத்துக்கு உதவட்டும் என்று. மற்றவர்கள் அதை எப்போதாவது மிதிப்பார்கள். இவள் கால் அதன் மேலேயே குடியிருக்கும். தெருமுனையில் ஒரு நாய் எழுந்து நிற்கலாமா என்று யோசித்தாலே போதும், கார் நின்றுவிடும்.

"அது இன்னும் முடிவே பண்ணலையேம்மா," என்று அவளிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு காய்கறிக் கடைக்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அது பண்றதுக்கு முன்னாடி நாம பண்ணிடணும்," என்றாள்.

இதை வைத்து அவளைப் பயந்தாங்கொள்ளி என்று எண்ணிவிட வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டியவள். இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி நிற்க வேண்டிய சந்துகளில், வேனைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டுபோய்க் கடை வாசலில் நிறுத்துவாள். ஒரு கீறல் விழுந்ததில்லை. வழியை மறித்துக்கொண்டு வண்டியை நிறுத்தியவர்களை அவள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அப்படி இருந்தவள்தான். குழந்தை பிறந்த பிறகுதான் கால் பிரேக்கைத் தேட ஆரம்பித்தது.

குழந்தைக்குப் பட்டாணி என்று செல்லப்பெயர். பிறந்த அன்று கைகால்களைச் சுருட்டிக்கொண்டு உருண்டையாகக் கிடந்ததைப் பார்த்து, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அப்படிக் கூப்பிட்டான். உண்மையான பெயரைப் பிறப்புச் சான்றிதழோடு பீரோவில் வைத்துவிட்டார்கள், இன்னும் வெளியே எடுக்கவில்லை.

பட்டாணிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம் பால் குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரையேறியது. இருமல் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே போனது. வீட்டில் வேறு யாரும் இல்லை. குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள். கொஞ்ச நேரம்தான். பிறகு பால் வெளியே வந்தது, வீடே அதிரும்படி ஓர் அழுகையும் வந்தது. பட்டாணி அதை அன்றைக்கே மறந்துவிட்டு இன்னொரு முறை பால் குடித்துத் தூங்கிப்போனாள். அம்மாவால்தான் மறக்க முடியவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் நடந்துவிடும் என்று ஓர் எண்ணம், அதோடு 'நீ எப்படிக் குடுத்தே?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம்.

இது தெரியாததால்தான் நாத்தனார் அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்தார். நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தார். வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பது தொழில். இரண்டு மகன்களை வளர்த்து வெளியூர் அனுப்பிவிட்டவர். பிரேக்கம்மா வேலைக்குத் திரும்பியதும் பகலில் பட்டாணியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அதற்குக் காசு என்று பேச்செடுத்தால் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வருவார்.

நாலாவது மாதத்தில் வந்தது வினை. யார் தட்டை எடுத்தாலும் பட்டாணி விளையாட்டை விட்டுவிட்டு அவர்கள் வாயையே பார்க்க ஆரம்பித்தாள். அவர்கள் மென்றால் இவளும் வெறும் வாயை மென்றாள். ஒழுகுகிற எச்சிலைத் துடைத்து மாளவில்லை.

"புள்ள கேக்குது. ரெண்டு ஸ்பூன் மசிச்சுக் குடு," என்றார் நாத்தனார்.

"இப்ப வேண்டாம் அண்ணி. ஆறு மாசம் ஆகட்டும்."

"என் பசங்களுக்கு நான் மூணு மாசத்துலயே குடுத்தேன். ரெண்டும் மாடு மாதிரி இருக்கானுங்க."

"அதுல ஒருத்தருக்கு இன்னைக்கும் எது சாப்பிட்டாலும் வயிறு சரியில்லன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

"அது அவன் பொண்டாட்டி சமையல்."

சண்டை டாக்டரம்மாவிடம் போனது. இன்னும் தலை சரியாக நிற்கவில்லை, எதை வைத்தாலும் நாக்கு வெளியே தள்ளுகிறது, குடலும் பழகவில்லை, ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிரேக்கம்மா ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல் வீடு வரைக்கும் வந்ததே பெரிய விஷயம்.

நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவர் சொன்னது தோற்ற கோபத்தில் சொன்னதல்ல, மனதில் பட்டதைச் சொன்னார். "சரி, குடுக்க வேண்டாம். ஆனா அது பாக்கப் பாக்க என்னால வாயில வைக்க முடியாது. தொண்டையில இறங்காது எனக்கு."

"அப்ப அவ முன்னாடி யாருமே சாப்பிட வேண்டாம்," என்றாள் பிரேக்கம்மா.

இரண்டு பேரும் முதல் தடவையாக ஒத்துப்போன விஷயம் அது. நடுவில் மாட்டியவன் லிஃப்ட் மெக்கானிக். "எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லை," என்றான். அவன் எதற்குமே அப்படித்தான் சொல்வான்.

அன்று முதல் அந்த வீட்டில் சாப்பாடு திருட்டுத்தனமாக நடந்தது. சாப்பாட்டு மேசை நாத்தனாரின் திரைத்துணிகளை அடுக்குகிற மேசை ஆகிவிட்டது. ஒருவர் குழந்தையை வைத்திருக்க, மற்றவர் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றபடி அவசர அவசரமாக விழுங்கிவிட்டு வருவார். மெக்கானிக் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மறைவில் சாப்பிட்டான். ஒருநாள் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு திரும்பியவன், குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்த மகள் எதிரே இருப்பதைக் கண்டு, மெல்லாமல் மூக்கால் ஒரு பாட்டை முனகிக்கொண்டே பின்வாங்கினான். கீழே நாத்தனார் தைத்துக்கொண்டிருந்த திரையையே குறுக்கே மாட்டி, அதன் பின்னால் மத்தியானச் சாப்பாட்டை முடித்தார். குழந்தை கையில் ஒரு நூற்கண்டைக் கொடுத்துவிட்டு, "இதோ அத்தை வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே சாப்பிடுவார். இரண்டு வாய் சாப்பிட்டால் பத்து 'வந்துட்டேன்'. புதிதாகத் தைத்துக் கொடுத்த ஒரு திரையில் குழம்புக் கறை இருக்கிறது என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். எப்படி வந்தது என்று யாருக்கும் விளக்க முடியவில்லை.

பட்டாணியும் அடங்கிவிட்டாள். வாயைப் பார்ப்பதில்லை, எச்சில் ஒழுகுவதுகூடக் குறைந்தது. "பாத்தியா, கேக்கவே மாட்டேங்குறா," என்று எல்லாரும் நிம்மதியடைந்தார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. பட்டாணி லேசாகச் சாய்த்து வைத்தால் உட்கார்ந்தாள், தலை திடமாக நின்றது. இனி ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. நாத்தனார் புதுக் கிண்ணமே வாங்கி வைத்துவிட்டார். ஆனால் பிரேக்கம்மாவுக்குக் கை வரவில்லை. முதல் வாரம் குழந்தைக்குச் சளி. அடுத்தது பல் முளைக்கிற மாதிரி இருந்தது, பார்த்தால் முளைக்கவில்லை. அப்புறம் வெயில் அதிகம். அப்புறம் தடுப்பூசிக் காய்ச்சல். அப்புறம் மழை. நாலாம் மாதத்தில் பொறு என்று சொன்னது சரியாக இருந்ததல்லவா, ஏழாம் மாதத்திலும் அதே வார்த்தை அவள் வாயில் நின்றது. சரியாகச் சொல்லிவிட்டவர்களிடம் இது ஒரு தொல்லை, நிறுத்தத் தெரியாது. உள்ளுக்குள் அவளுக்கே தெரியும், அது மழையும் அல்ல, வெயிலும் அல்ல. பால் போன தொண்டையே அப்படி அடைத்துக்கொண்டது என்றால், கெட்டியாக ஒன்று போனால் என்ன ஆகும்? ஸ்பூனை எடுத்தாலே அந்த நீல உதடு கண் முன்னால் வந்து நின்றது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு, கேரட்டை வேகவைத்து, துளிக் கட்டி இல்லாமல் மசித்து, பாலில் கரைத்து, ஸ்பூன் நுனியில் எடுத்து நீட்டினாள். பட்டாணி ஸ்பூனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாயை இறுக மூடிக்கொண்டாள். மறுநாள் பூசணி. மூடிய வாய். வாழைப்பழம். தலையைத் திருப்பிக்கொண்டாள். நாத்தனார் பாடிப் பார்த்தார். மெக்கானிக் ஸ்பூனை லிஃப்ட் மாதிரி மேலே கொண்டுபோய், கீழே கொண்டுவந்து, ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தி, கதவு திறக்கும் சத்தம் எல்லாம் போட்டான். குழந்தை சிரித்தது. வாய் திறந்த சமயம் பார்த்து உள்ளே வைத்தால் அப்படியே வெளியே வழிந்தது. இதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாதது போலப் பட்டாணி விழித்தாள்.

"அவளுக்கே வேண்டாம் போல," என்றாள் பிரேக்கம்மா. சொல்லும்போது ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் பிறகு ரொம்ப வெட்கப்பட்டாள்.

எட்டாம் மாதம் தொடங்கியதும் டாக்டரம்மா எடை பார்த்தார். இறக்கிவிட்டு இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தார். பிறகு பட்டாணியின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். சிரித்த முகக்காரர், அன்று சிரிக்கவில்லை.

"போன தடவை இருந்த எடைதான் இருக்கு. ரத்தமும் குறைஞ்ச மாதிரி தெரியுது. சொட்டு மருந்து எழுதித் தரேன், ஆனா அது மட்டும் பத்தாது. பால் இனிமே இவளுக்குக் காணாதும்மா. சாப்பிடணும்."

"வாயே திறக்க மாட்டேங்குறா டாக்டர்."

"முயற்சி பண்ணுங்க. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணிப் பாக்கணும். குழாய் வழியா குடுக்க வேண்டி வந்தாலும் வரலாம். அந்த அளவுக்குப் போக வேண்டாம்னு பாக்குறேன்."

பிரேக்கம்மா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடை முன்னால் இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மகளின் தொண்டைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் காவல் இருந்தாள். இப்போது அதே தொண்டைக்குள் குழாய் விடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பக்கத்தில் இன்னொரு பெண் தன் பையனை மடியில் வைத்திருந்தாள். அவனுக்கு ஒரு வயது இருக்கலாம். கையில் பிஸ்கட். கடிப்பான், நனைப்பான், முகமெல்லாம் அப்பிக்கொள்வான், மறுபடி கடிப்பான். பட்டாணி அம்மாவின் தோளிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. பையன் கை வாய்க்குப் போகும்போது இவள் கண்ணும் கூடவே போயிற்று. அவன் விழுங்கியதும், அந்தப் பிஸ்கட் எங்கே போயிற்று என்று அவன் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னங்க உங்க பொண்ணு, யாரும் சாப்பிட்டே பாக்காத மாதிரி பாக்குறா?"

வேடிக்கையாகச் சொன்னதுதான். பிரேக்கம்மாவும் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை. நாலாம் மாதத்திலிருந்து இந்தக் குழந்தைக்கு முன்னால் யார் சாப்பிட்டிருக்கிறார்கள்? அப்பா ஃபிரிட்ஜ் மறைவில். அத்தை திரைக்குப் பின்னால். அம்மா சுவரைப் பார்த்து. வாயில் எதையாவது வைத்து, மென்று, விழுங்குவார்கள் என்கிற விஷயமே பட்டாணிக்கு மறந்துபோயிருக்கும். ஒருநாள் திடீரென்று எல்லாருமாக ஆரஞ்சு நிறத்தில் எதையோ நீட்டி வாயைத் திற என்றால் யார்தான் திறப்பார்கள்? அவள் பெஞ்சைவிட்டு எழுந்து நடந்தாள். மருந்தை வாங்க மறந்து பாதி வழி போய்த் திரும்பி வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் மேசையில் கிடந்த திரைத்துணிகளை வாரி எடுத்துக்கொண்டு கீழே போனாள். நாத்தனார் பதறிப்போனார்.

"ஏய், அது நாளைக்குக் குடுக்க வேண்டியது. இப்படியா சுருட்டிட்டு வர்றது?"

"மேசை வேணும் அண்ணி. இனிமே துணி இங்கயே இருக்கட்டும். இன்னைக்கு எல்லாரும் உக்காந்து சாப்பிடுறோம். அவ முன்னாடி."

பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சொன்னது, பிஸ்கட் பையன், கடைசியில், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அந்த மத்தியானமும் வந்துவிட்டது. நீல உதட்டைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நாத்தனார் தையல் மெஷின் முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. முழு நேரமும் கையில் ஒரு குண்டூசியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இத்தனை மாசமா இதையா உள்ள வச்சிட்டு இருந்தே?" என்றார். "நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேனேடி."

"அண்ணி, புள்ளைய நான் பட்டினி போட்டுட்டேனா?"

"போடி பைத்தியம். பாலுதான் குடுத்துட்டே இருந்தியே." குண்டூசியைத் துணியில் குத்தினார். "பந்திக்குக் கூப்பிடாம விட்டுட்டோம், அவ்வளவுதான். நீ மட்டும் இல்ல. திரை கட்டினது யாரு? நான்தானே."

மேசையைத் துடைத்தார்கள். இத்தனை மாதம் திரைத்துணிகளைச் சுமந்த ஒரு நாற்காலி ஆடியது, அதில் மெக்கானிக்கை உட்கார வைத்தார்கள். பட்டாணியை அத்தை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாயிற்று. சோறு, பூசணி, வேகவைத்த முட்டை. முட்டையின் மஞ்சள் கருவையும் பூசணியையும் பிரேக்கம்மா ஒரு கிண்ணத்தில் தனியாக மசித்து வைத்திருந்தாள்.

நாலு மாதம் ஒளிந்து சாப்பிட்டவர்களுக்கு வெளிச்சத்தில் சாப்பிடக் கூச்சமாக இருந்தது. மெக்கானிக் முதல் வாய் எடுத்தான். பட்டாணி திரும்பினாள். பிஸ்கட் பையனைப் பார்த்த அதே பார்வை. அவன் மென்றான், பார்வை தாங்காமல் பாதியில் நிறுத்தினான்.

"மெல்லுடா. உன்னையே பாத்துட்டு இருக்கா," என்றார் அக்கா.

"பரீட்சை எழுதுற மாதிரி இருக்குக்கா."

எல்லாரும் சாப்பிட்டார்கள். பட்டாணி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பா, அத்தை, அம்மா, மறுபடி அப்பா. கொஞ்ச நேரத்தில் அவள் தாடை அசைந்தது. வெறும் வாயை மென்றாள், நாலாம் மாதத்தில் மென்றது போலவே. ஒரு நூல் எச்சில் அத்தையின் புடவையில் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை. பிரேக்கம்மா கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து முதலில் தான் கொஞ்சம் நாக்கில் வைத்துச் சப்புக் கொட்டினாள். பிறகு ஸ்பூனை நீட்டினாள்.

வாய் திறந்தது.

உள்ளே போனது கொஞ்சம்தான். பட்டாணி அதை நாக்கால் புரட்டினாள், முகத்தைச் சுளித்தாள், பின்னால் தள்ளினாள். உடனே ஓங்கரித்தாள். கண் பிதுங்கி, முகம் சிவந்து, 'கக்' என்று சத்தம் வந்தது. பிரேக்கம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள், குழந்தையைப் பிடுங்கிக் கவிழ்க்க.

நாத்தனார் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தரி பிடித்துப் பழகிய கை, அசைக்க முடியவில்லை. "இரு. சத்தம் வருது பார். முகம் சிவப்பாத்தான் இருக்கு, நீலம் இல்ல. அவளே சரி பண்ணிக்குவா. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். நீலமாச்சுன்னா நானே உன் கையில குடுத்துடுறேன்."

அதைவிட நீளமான நேரத்தைப் பிரேக்கம்மா தன் வாழ்நாளில் கண்டதில்லை. பட்டாணி இருமினாள். இன்னொரு இருமல். பூசணி முன்னால் வந்தது, பாதி மோவாயில் வழிந்தது, மீதியை என்னவோ யோசித்துவிட்டு விழுங்கினாள். சின்னக் கழுத்தில் அது இறங்கியதை மூன்று பேரும் பார்த்தார்கள். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். பூசணி காரம் என்றான்.

பட்டாணி மறுபடி வாயைத் திறந்தாள். காத்திருந்தாள். ஸ்பூன் வரவில்லை. அம்மா அதை நிரப்பிக் கையில்தான் வைத்திருந்தாள், ஆனால் கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. நாத்தனார் அவசரப்படுத்தவில்லை. பிடித்திருந்த மணிக்கட்டை மட்டும் விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பட்டாணி, அத்தை மடியிலிருந்து முன்னால் சாய்ந்து, நின்றுபோன அந்தக் கையை ஸ்பூனோடு சேர்த்து இரண்டு கைகளாலும் பிடித்து, தானே தன் வாய்க்கு இழுத்துக்கொண்டாள்.